கூரை ஒழுகவில்லை, தம்பி

தம்பி,

கூரை ஒழுகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறும் நீ போனில் கேட்டாய், "கூரைக்காரன் வந்தவனோ அம்மா? போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ" என்று. நானும் "ஓம், வந்து பார்த்திட்டுப் போட்டான்" என்றேன். ஒருவரும் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. இங்கே ஒக்லாந்தில், ஹில்ஸ்பரோவில் நேற்று முழுக்க அடித்த மழைக்கு ஒரு சொட்டுக்கூட உள்ளே விழவில்லை. உன் அப்பா இரண்டு கோடைக்கு முன் ஏறி நின்று பூசிய கூரை அது. சிங்கப்பூரில் உன்னிடம் ஒரு மாதம் இருக்க வந்தவள் ஒன்பதாம் நாளே பெட்டியைக் கட்டுவதற்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் போன் எடுத்தார், கூரை ஒழுகுதாம் என்று சொன்னேன். நீ நம்பினாய். அல்லது நம்பியதுபோல இருந்தாய்.

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் என்று எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், என்றாலும் அது மறக்கவில்லை. இன்றைக்கு அந்த வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம். ஆனால் போனில் நீ எங்கேயோ நடந்துகொண்டே கதைப்பாய். எனக்கும் வாய் சுகம், சுகம் என்று சொல்லிப் பழகிவிட்டது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அதுவும் நல்லதுதான், மெதுவாக வாசிப்பாய். வெள்ளிக்கிழமைக்குள் அந்த இரண்டு அறை வீட்டை எடுப்பதா விடுவதா என்று நீ ஏஜெண்டுக்குச் சொல்ல வேண்டும். அம்மா நிரந்தரமாக உன்னிடம் வருகிறாள் என்றால்தானே உனக்கு இரண்டாவது அறை. அதற்கு முன் நீ சில விஷயம் அறிந்திருக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் ஊர் எப்படி இருந்தது என்று நீ என்னிடம் சரியாகக் கேட்கவே இல்லை. "பிடிச்சிருக்கோ?" என்றாய். ஓம் என்றேன். அதோடு முடிந்தது. இப்போது சொல்கிறேன். விமானத்தில் பத்து மணித்தியாலமும் நான் பாடமாக்கிக்கொண்டு வந்தது மூன்று பதில்கள். மகனிடம் வந்திருக்கிறேன், ஒரு மாதம் நிற்பேன், திரும்பிப் போய்விடுவேன். கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்ற இடமெல்லாம் கேள்வி கேட்ட இடங்கள்தானே. சிங்கப்பூரில் கேட்பதற்கு ஒரு ஆளும் இல்லை. ஒரு இயந்திரம் என் முகத்தைப் பார்த்தது, கதவு திறந்தது. கொண்டுவந்த பதில் மூன்றும் வாய்க்குள்ளேயே கிடந்தன. சந்தோசப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கென்றால் ஏதோ குறைந்ததுபோல இருந்தது. யாராவது ஒருத்தர் ஏன் வந்தாய் என்று கேட்டிருந்தால், என் மகனிட்ட என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லியிருப்பேன்.

நான் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது தரையையும் கண்ணாடியையும். மனுகாவில் அந்தப் பெரிய அலுவலகங்களை இருபது வருடம் துடைத்த கண் வேறு என்னத்தைப் பார்க்கும்? விமான நிலையத்தில் ஒரு இயந்திரம் தன்பாட்டில் தரையைத் துடைத்துக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் நடந்து போய்ப் பார்த்தேன். மூலையில் விடும் என்று நினைத்தேன். மூலையிலும் விடவில்லை. ஓட்டுநர் இல்லாத ரயிலில் என்னை முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாய். ரயில் வளைந்தபோது பயத்தில் கண்ணாடியில் கையை வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. அந்த ஊர் முழுக்க ஒரு கை அடையாளம் இல்லை, என்னுடையது ஒன்றுதான் இருந்ததுபோல வெட்கமாகப் போய்விட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். நீ சிரித்தாய். "அம்மா, நீங்கள் ஹொலிடேக்கு வந்து நிக்கிறியள்" என்றாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு நீ சிரித்ததை நான் காணவில்லை.

அந்த ரயில் தமிழில் பேசியது. கால் வைக்கும் இடத்தைக் கவனிக்கச் சொன்னது. ஒக்லாந்தில் இருபத்து நான்கு வருடமாக எந்தக் கதவும் எந்தப் பேருந்தும் என்னோடு தமிழில் கதைத்ததில்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் 'அபாயம்' என்று தமிழில் எழுதியிருந்ததை நின்று வாசித்தேன். எனக்கு விளங்கும் மொழியில் என்னை விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் ஒரு ஊர். கண் கலங்கிவிட்டது. உனக்குக் காட்டாமல் மற்றப் பக்கம் திரும்பினேன்.

ஆனால் தம்பி, நீ காலையில் ஏழரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வந்தாய். இருபத்து மூன்றாம் மாடியில் நான் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வீடு துடைக்க ஒரு பெட்டை கிழமைக்கு இரண்டு தரம் வந்தாள். அவள் துடைக்கும்போது நான் கால் இரண்டையும் சோபாவுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல்தரம் அப்படி இருந்தேன். என்னால் முடியவில்லை. எழும்பிப் போய் அவளுக்கு வாளியைப் பிடித்துக் கொடுத்தேன். அவள் பயந்துபோனாள். சமைத்தால் நீ அலுவலகத்திலேயே சாப்பிட்டுவிட்டு வந்தாய். யன்னலால் பார்த்தால் எதிரில் இன்னொரு யன்னல், அதற்கும் பின்னால் இன்னொன்று. எல்லாம் பளபள என்று மின்னின. ஒரு முகம் தெரியவில்லை. மழை பெய்தால்கூடச் சத்தம் மேலே வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில்தான் அவர் வந்தார். காகத்தைச் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும், ஒக்லாந்தில் காகம் இல்லை. நாங்கள் வந்த முதல் வருடம் அப்பாவின் தகப்பனாருக்குத் திவசம் வந்தது. படைத்துவிட்டுக் காகத்துக்கு வைக்க வெளியே போனால் வானத்தில் ஒன்றும் இல்லை. நான் அழுதேவிட்டேன், காகம் எடுக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று. அப்பா சோற்று இலையைத் தூக்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றி ஒனெஹங்கா கடற்கரைக்குக் கொண்டுபோனார். உனக்கு நாலு வயது. இலையை வைத்துவிட்டு "கா, கா" என்று அவர் கத்த, நாயோடு நடந்துபோன வெள்ளைக்காரப் பெண் நின்று பார்த்தாள். முப்பது கடற்பறவை வந்து இறங்கி ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்தன, வடை உட்பட. அப்பா சொன்னார், "இஞ்சாரும், எங்கட அப்பு நியூசிலாந்து வந்து வெள்ளையாப் போட்டார். பசி மட்டும் மாறேல்லை." நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு திவசமும் அந்தக் கடற்கரையில்தான்.

அப்பா போனபின் நானும் அங்கே ஒவ்வொரு மாதமும் இலையோடு போனேன். பறவைகள் வந்தன, தின்றன. ஆனால் தம்பி, உன் அப்பாவை என்னால் வெள்ளையாக நினைக்க முடியவில்லை. அவர் நல்ல கறுப்பு. அந்தச் செங்காலும் மஞ்சள் கண்ணும் எனக்கு அவராகத் தெரியவில்லை. எட்டு மாதம் வெறும் பறவைக்குச் சோறு போட்டுவிட்டு வந்தேன்.

உன் பால்கனிக் கம்பியில் அந்தக் காகம் வந்து இருந்தபோது நான் தேநீரோடு நின்றேன். இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு நான் கண்ட முதல் காகம். கழுத்தில் சாம்பல், மற்றதெல்லாம் கறுப்பு. தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. பேப்பரில் விளங்காத இங்கிலிஷ் சொல் வந்தால் உன் அப்பா அப்படித்தான் தலையைச் சரிப்பார். என் வாயில் தன்பாட்டில் வந்துவிட்டது, "கடைசியில மகனிட்ட வந்து சேர்ந்திட்டீங்கள் என்ன?" ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதுதான் இந்தக் கடிதமே.

சோறு வைத்தேன். பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, மேலே ஒரு துண்டு கத்தரிக்காய். அடுத்த நாள் மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஏழு பேர். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்ததையும், அவர்கள் அதன்மேல் போய் இருந்ததையும் நான் கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை. அது என் பிழை. இருபது வருடம் மற்றவன் அழுக்கைத் துடைத்தவளுக்கு அது தெரியாமல் இல்லை.

அன்று இரவு நீ கையில் ஒரு கடிதத்தோடு வந்தாய். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, காகத்துக்குச் சோறு வைச்சனீங்களோ?"

"ஓம். ஏன்?"

"இஞ்ச அது சட்டப்படி பிழை அம்மா! பக்கத்து வீட்டார் கொம்ப்ளெய்ன் பண்ணியிருக்கினம். இது ஒக்லாந்து பீச் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை."

"அப்பாவுக்குத்தானேடா வைச்சனான்."

"அப்பா காகமில்லை! அப்பா செத்துப்போட்டார் அம்மா. உங்களுக்கு விளங்கேல்லையோ?"

அதைச் சொன்னதும் நீ உன் அறைக்குள் போய்விட்டாய். நான் பால்கனிக் கம்பியைத் துடைத்தேன். அதற்காக நான் கோபித்துக்கொண்டு திரும்பினேன் என்றுதான் நீ இன்றைக்கும் நினைக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் குரலில் அது தெரிகிறது. அப்படி இல்லை, ராசா. அந்த வார்த்தையை யாராவது எனக்குச் சொல்லத்தான் வேண்டும். எட்டு மாதமாக எல்லோரும் "காலமானார்", "எங்களோடுதான் இருக்கிறார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ ஒருத்தன்தான் செத்துப்போனார் என்றாய்.

நான் திரும்பியது முத்தையாவால். கீழே வாசலில் காவலுக்கு இருப்பாரே, ஜொகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிற மனிதர். அந்த ஊரில் ரயிலுக்கு அடுத்தபடியாக என்னோடு தமிழில் பேசியவர் அவர்தான். முதல் நாளே "அம்மா சிலோனா? நியூசிலாந்துல இருந்து வர்ற சிலோன் அம்மாவா? நல்லா சுத்தி வந்திருக்கீங்க லா" என்று சிரித்தார். தினமும் பின்னேரம் கீழே போய் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். அந்தச் சண்டைக்கு அடுத்த நாளும் போனேன்.

"என்னம்மா, முகம் வாட்டமா இருக்கு? சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டன் தம்பி."

"உங்க மவனுக்குக் காக்கான்னா அவ்ளோ உயிரா? இந்த பில்டிங் ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. நான்தான் தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி சோறு வச்சேன், எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். இன்னொரு தடவை நடந்தா கேஸ் ஆயிடும்னு சொல்லி அனுப்புனாங்க. நல்லாப் படிச்ச பையன், இந்த காக்காவுக்காக ஏம்மா வம்பு?"

மேலே வந்து உன் கட்டிலில் இருந்தேன். எங்களைப் போல நாடு விட்டு வந்தவர்களுக்குக் கையெழுத்து என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ அங்கே வேலை விசாவில் இருப்பவன். என்னால் உன் பெயரில் ஒரு கடிதம் ஏறிவிட்டது. இனி வைக்க மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்யலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை அவர் கம்பியில் வந்து இருந்து தலையைச் சரித்தார். என் கை சோற்றுப் பானைக்குப் போய்விட்டது. மூடியைத் திறந்துவிட்டேன். அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது, நான் அங்கே நின்றால் திரும்பவும் வைப்பேன், நீ திரும்பவும் எனக்காகப் பொய் சொல்வாய். பானையை மூடினேன். கண்ணாடிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். பிறகு உனக்குப் போன் எடுத்துக் கூரை ஒழுகுகிறது என்றேன்.

பார்த்தாயா, நீ எனக்காக ஒரு பொய், நான் உனக்காக ஒரு பொய். இது எங்கள் வீட்டில் உன்னோடு தொடங்கியதில்லை. தொடக்கியவர்கள் நானும் அப்பாவும்.

வைத்தியர் நோயைச் சொன்ன அன்று அப்பா காரில் ஏறியதும் முதலில் சொன்னது, "பெடியனுக்குச் சொல்லாதையும். புது வேலை, ஆறு மாதம் தாண்டட்டும்." நான் சரி என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் நீ வீடியோவில் வருவதற்கு அரை மணித்தியாலம் முன்னால் அவருக்குச் சட்டை மாற்றி, முதுகுக்கு மூன்று தலையணை வைத்து நிமிர்த்திவிடுவேன். மூக்குக் குழாய் தெரியாதபடி போனை நெற்றிக்கு உயர்த்திப் பிடிப்பேன். "ஏனம்மா அப்பாவின்ர மண்டை மட்டும் தெரியுது?" என்று நீ கேட்பாய். "உன்ர அம்மாவுக்குப் போன் பிடிக்கத் தெரியாது" என்று அவர் சொல்வார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அதெல்லாம் உனக்குப் பிறகு தெரிய வந்தது. அப்பா சொல்ல வேண்டாம் என்றார், அம்மா கேட்டு நடந்தார் என்று நீ என்னை மன்னித்துவிட்டாய். அது பாதிதான்.

மற்றப் பாதியை ஒருவருக்கும் சொன்னதில்லை. கடைசிக் கிழமை, செவ்வாய்க்கிழமை காலை, நான் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கையைத் தட்டிவிட்டுச் சொன்னார், "இஞ்சாரும், நான்தான் சிங்கப்பூருக்கு அவனிட்டப் போக வேணுமெண்டு இருந்தனான். இனி ஏலாது. அவனை வரச் சொல்லும்." தெளிவாகச் சொன்னார், தம்பி. மயக்கத்தில் இல்லை. நான் ஓம் என்றேன். ஆனால் அன்றைக்கு உனக்குப் போன் எடுக்கவில்லை. புதன்கிழமையும் எடுக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டால் அவர் போகப்போகிறார் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று பயந்தேன். கஞ்சி இரண்டு கரண்டி கூட இறங்கினால், பார், நல்லாகுது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புதன் இரவு "அவன் எப்ப வாறான்?" என்று கேட்டார். "டிக்கெட் போட்டிட்டான்" என்றேன். வியாழன் மத்தியானம்தான் உனக்கு எடுத்தேன். வெள்ளி விடியப் போய்விட்டார். நீ சனிக்கிழமை வந்து இறங்கினாய். செவ்வாய் நான் எடுத்திருந்தால் வியாழன் நீ அவர் பக்கத்தில் இருந்திருப்பாய். அவரும் உன்னைப் பார்த்திருப்பார். அந்த இரண்டு நாளும் என்னுடையது. அவருடையது இல்லை.

இதுதான் நான் அந்தக் காகத்திடம் அப்படிச் சொன்னதற்குக் காரணம். அவர் உன்னிடம் வர ஆசைப்பட்டவர். நான் உன்னையும் அவரிடம் விடவில்லை. வந்து சேர்ந்துவிட்டார் என்று நினைத்தால் என் நெஞ்சுக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. நீ சொன்னது சரி, அப்பா காகமில்லை. எனக்கு அது விளங்கும்.

இனி வீட்டு விஷயம். வெள்ளிக்கிழமை அந்த ஏஜெண்டுக்கு வேண்டாம் என்று சொல். உன் கோபத்துக்காக இல்லை, காகத்துக்காகவும் இல்லை. உன் ஊர் அழகான ஊர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இங்கே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மரப்பலகை டெக் பக்கத்துக் கண்ணாடிக் கதவு உனக்குத் தெரியும். கடைசி மாதத்தில் அப்பா கழிவறைக்குப் போய் வரும்போது அந்தக் கண்ணாடியில் கையை ஊன்றி நின்று இளைப்பாறுவார். மாலை நாலு மணிக்கு வெயில் சரிந்து விழும்போது அந்தக் கை அடையாளம் தெரிகிறது. ஐந்து விரலும், உள்ளங்கையும். உலகத்துக் கண்ணாடியெல்லாம் துடைத்தவள் அந்த ஒன்றை மட்டும் துடைக்காமல் வைத்திருக்கிறேன். உன்னிடம் வருவதற்காக இந்த வீட்டை விற்றால் யாரோ ஒருத்தி, என்னைப் போல ஒருத்தி, மருந்தடித்து ஒரே இழுவையில் துடைத்துவிட்டுப் போவாள். அது நடக்குமுன் நீ அதைப் பார்க்க வேண்டும்.

ஆடியில் அப்பாவின் முதல் வருடத் திவசம், ஆட்டைத் திவசம், வருகிறது. முதல் நாள் இரவு வந்து இறங்காதே. ஒரு கிழமை முன்னதாக வா. அந்த இரண்டு நாளுக்காக என்னோடு கோபிக்க வேண்டும் என்றால், நேரில் வந்து கோபி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தாமல், என் முகத்தைப் பார்த்துக் கோபி. நான் எங்கேயும் போக மாட்டேன். பிறகு நாலு மணிக்கு அந்தக் கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்போம். துடைப்பதா விடுவதா, நான் எங்கே இருப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

முதலில் விட்ட வரிக்கு வருகிறேன். நான் நலமில்லை, தம்பி. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. தனியாக இருக்கிறேன், அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இருபத்து மூன்றாம் மாடியில் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. உனக்கும் அந்த வீட்டில் அப்படித்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். இரவு ஒன்பது மணிக்கு நீ சாவியை மேசையில் போடும் சத்தத்திலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாய். எப்படி அம்மா என்று கேட்பாய். இவ்வளவும் எழுதிய பிறகும் என் வாய் சுகம் என்றுதான் சொல்லும், எனக்குத் தெரியும். அப்போது வைத்துவிடாதே. இன்னொருதரம் கேள். இரண்டாம் தரம் உண்மையைச் சொல்வேன். பிறகு நான் உன்னைக் கேட்பேன். நானும் இரண்டு தரம் கேட்பேன்.

அம்மா